நெத்திப்புழு

மகாராஜா ஆண்ட காலம். இரண்டாம் யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. திருவனந்தபுரத்தில் பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீடு அண்ணாச்சி பேரில் வாடகைக்கு எடுத்தது. அண்ணாச்சி என் கூடப் பிறந்தவர், மூத்தவர். படித்தவர். ஹஜூர் கச்சேரியில், அரசாங்கத் தலைமை அலுவலகத்தில், குமஸ்தா. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் எடை போடுகிற வேலை. மதினி உடம்புக்கு முடியாமல் நாகர்கோவில் பக்கம் தாயார் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு மூன்று வயது முடியவில்லை.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அது போகவில்லை.

மகள் சீக்கிரம் பேசினாள். வீட்டில் நாங்கள் பேசுவது நாஞ்சில் நாட்டுத் தமிழ். வாசலைத் தாண்டினால் மலையாளம். இரண்டும் கைக்கு எட்டாத இடத்தில் அவளே ஒரு வார்த்தை செய்துகொள்வாள். குடைக்கு ‘கைவீடு’ என்றாள். நிழல் ‘தரைப்பாப்பா’. விக்கல் எடுத்தால் ‘வயித்துத்தவளை’. காலையில் கிணற்றடியில் பித்தளை அண்டாவில் தண்ணீர் இருக்கும். அதில் வெயில் பட்டு அடுக்களை ஓட்டுக்கூரையில் வெளிச்சம் ஆடும். அதற்கு அவள் வைத்த பேர் ‘சிலுப்பிலி’. அதற்கு வேறு என்ன பேர் என்று எனக்கு இன்றும் தெரியாது. மலையாளக்காரர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது. நெற்றியில் ஒரு நரம்பு புடைக்கும். அதை விரலால் தொட்டுப் பார்த்து ‘நெத்திப்புழு’ என்பாள்.

இவற்றை எழுதட்டுமா என்று மகளிடம் கேட்டேன். “இது போதும்ப்பா. மத்தது வேண்டாம்” என்றாள். அதனால் மற்றதை எழுதவில்லை.

நானும் என் மனைவியும் அந்தப் பேச்சுக்குச் சிரித்ததில்லை. சிரிக்கக் கூடாது என்று தீர்மானம் செய்து அல்ல. எங்களுக்கு அது பேச்சாகவே இருந்தது. மழை வந்தால் என் மனைவி, “கைவீட்ட எடுத்துட்டுப் போங்க” என்பாள். எடுத்துக்கொண்டு போவேன்.

அண்ணாச்சிக்கு அது வேடிக்கை. குழந்தைமேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கச்சேரியிலிருந்து வரும்போது கல்கண்டு வாங்கி வருவார். தோளில் வைத்துக்கொண்டு கோட்டை வாசல் வரை போவார். அதோடு நின்றிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். காப்பி, வெற்றிலை, சீட்டு. அவருடைய மேலதிகாரியும் வருவார். மலையாளி. நல்ல உயரம், ஜரிகை வேட்டி, கையில் தங்க மோதிரம். அண்ணாச்சி அவரை ‘ஐயா’ என்பார். அவர் வந்தால் அண்ணாச்சிக்கு முதுகு நிமிராது. கச்சேரியில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று அப்போது பேச்சு.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் உள்ளே குரல் வரும். “பாப்பா, வா. மாமாமாருக்குக் கொடைக்கு என்னன்னு சொல்லு.”

அவள் போய்ச் சொல்லுவாள். எல்லாரும் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். “ஒந்நுகூடிப் பற மோளே” என்பார் ஐயா. இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார். அவள் சொல்லுவாள். மறுபடியும் சிரிப்பு. “இனி நெழலு” என்பார் ஒருவர். கிளி ஜோசியக்காரன் கூண்டைத் திறந்து கிளியைக் கூப்பிடுகிற மாதிரி. கையில் ஒரு துண்டு கல்கண்டு.

முதலில் அவளுக்கும் சந்தோஷம்தான். பிறகு சொல்லிவிட்டு அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். நான் கதவோரம் நின்று அதைக் கவனித்தேன். அவள் கேட்பது கல்கண்டு இல்லை. குடையைப் பற்றி ஒன்று சொன்னேனே, அதற்குப் பதில் எங்கே என்று கேட்கிற பார்வை.

வார்த்தைகள் கச்சேரிக்குப் போயின. அங்கே யாருக்காவது விக்கல் வந்தால் தவளை என்று கத்துவார்களாம். அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார். கச்சேரியிலிருந்து தெருவுக்கு வந்தன. முக்கில் இருந்த வெற்றிலைக் கடைக்காரன் அவளைக் கண்டால், “தரைப்பாப்பாவுக்கு சுகந்தன்னே?” என்று நலம் விசாரிப்பான். அவள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையை அரை நாளில் மூடிவிட்டார்கள். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். பின்வாசல் வழியாகத்தான் வருவது, கூடத்தில் அவர்கள் இருப்பார்கள் என்று. என் மனைவி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சரியில்லை.

“கேக்கியளா. முன்னால சிரிச்சிக்கிட்டே இருக்காவ. பிள்ளை குரல் ஒரு மாதிரியா இருக்கு. போய்ப் பாருங்க.”

எங்களில் வழக்கம், புருஷனுடைய மூத்தவர் முன்னால் பெண் வந்து நிற்கக் கூடாது. வெளி ஆண்களும் இருக்கும்போது கேட்கவே வேண்டாம். அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

நான் கூடத்துக்குப் போனேன். நடுவில் மகள் நிற்கிறாள். கண்ணீர், எச்சில், வாயால் மூச்சு விடுகிறாள்.

“மூக்கு பூட்டியாச்சு” என்கிறாள்.

கூடமே சிரிக்கிறது. “மூக்கு பூட்டிப்போயி! தாக்கோல் எவிடே மோளே?” என்கிறார் ஐயா. சாவி எங்கே என்று கேட்கிறார். இன்னொருவர் மடியைத் தடவிக்கொண்டு, “ஒருவேளை எங்கிட்ட இருக்கோ” என்கிறார். அண்ணாச்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

“மூக்கு பூட்டியாச்சு. மூக்கு பூட்டியாச்சு.” அவள் அழுதுகொண்டே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்கிறாள். எப்போதும் ‘இன்னொரு தடவை சொல்லு’ என்று கேட்கிறவர்கள்தானே. சொன்னால் புரியும் என்று நினைத்திருக்கிறாள்.

பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். மூக்குக்குள் சிவப்பாக ஒன்று. மஞ்சாடிக்குரு. கோயில் பக்கம் மரத்தடியில் பொறுக்கி விளையாடுகிற சிவப்பு விதை. உள்ளே ஏறி இறுகியிருந்தது. விரலை விட்டால் இன்னும் மேலே போகும்.

சீட்டு ஆடிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் மூக்குப்பொடி மட்டை இருந்தது. அதை எடுத்தேன். ஒரு சிட்டிகை அவளுடைய மற்ற மூக்கில் வைத்தேன். தும்மினாள். வரவில்லை. மறுபடி தும்மினாள். விதை தெறித்து விழுந்தது, ரத்தத்தோடு.

அது சீட்டுக் கட்டின்மேல் போய் விழுந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் ஐயா, “பூட்டு தொறந்நு!” என்றார். மறுபடியும் சிரிப்பு.

அவள் மூக்கில் ரத்தம் ஒழுக நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. எல்லாரையும் பார்த்தாள். அண்ணாச்சியைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் பேசவில்லை.

முதலில் மூக்கு வலி என்று நினைத்தோம். வலி ஆறியது. பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமானால் குடத்தைக் காட்டுவாள். பசித்தால் தாயின் சேலையைப் பிடித்து இழுப்பாள். அடுக்களைக் கூரையில் வெளிச்சம் ஆடும்போது அண்ணாந்து பார்ப்பாள். வாய் திறக்காது. என் மனைவி, “சிலுப்பிலி வந்துட்டு பாரு” என்று சொல்லிப் பார்த்தாள். குழந்தை தாயின் வாயைக் கையால் பொத்தியது. என் மனைவி அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

ஓணம் வந்தது, போனது. அக்கம்பக்கத்தில் கண் பட்டிருக்கிறது என்றார்கள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். நாக்கு தடித்துவிட்டது என்றார்கள். வசம்பையும் தங்கத்தையும் தேனில் உரைத்து நாக்கில் தடவினார்கள். குமட்டித் துப்பினாள். அண்ணாச்சி ஒரு வைத்தியரைக் கூட்டி வந்தார். அவர் தொண்டையைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பேசத் தெரிந்த பிள்ளை பேச மாட்டேன் என்று இருக்கிறது. இதைச் சொன்னால் எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஊமையாகப் போய்விடுவாளோ என்று நாங்களும் பயந்தோம். அந்தப் பயத்தில்தான் எதற்கும் தலையாட்டினோம்.

நவராத்திரி நடக்கும்போது சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அண்ணாச்சி சொன்னார்.

“விஜயதசமி அன்னைக்கு எழுத்துக்கு இருத்திருவோம். நாக்குல தங்கத்தால எழுதினா பேச்சு தானா வந்துரும். ஐயாவே எழுதுதேன்னு சொல்லிட்டாரு.”

“அவரா?”

“அவருக்கு என்னலே? பெரிய மனுசன். நம்ம வீட்டுப் படியேறி வாறதே பெரிசு.”

“அன்னைக்கு சிரிச்சாரு.”

“சிரிக்காம? எல்லாரும் ஒன்னய மாதிரி உம்முனு இருக்கணுமா? சிரிச்ச முகம்லே அது. அந்தக் கையால எழுதினா நல்லது.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். வீடு அவருடையது. மூத்தவர்.

விஜயதசமி காலை. கூடத்தில் விளக்கு. பிள்ளை விரல் பிடித்து முதல் எழுத்து எழுதப் பித்தளைத் தட்டில் பச்சரிசி. புத்தகம், அவல், பழம். ஐயா மனையில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டார். சுற்றிலும் அதே ஞாயிற்றுக்கிழமை ஆட்கள். அண்ணாச்சி கூப்பிட்டிருக்கிறார். கச்சேரியில் எல்லாருக்கும் வேண்டப்பட்ட குழந்தையாம். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“நாக்கொந்நு நீட்டு மோளே” என்றார் ஐயா, மோதிரத்தைக் கழற்றிக்கொண்டே.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“ஆ காட்டு, பாப்பா. ஐயா காத்துக்கிட்டு இருக்காரு” என்றார் அண்ணாச்சி.

காட்டவில்லை. அப்போது பொடி மட்டைக்காரர், “இப்போ வாயும் பூட்டிப்போயி” என்றார்.

சிரித்தார்கள். விளக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தார்கள். ஐயாவுக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கியது. மடியில் இருந்த என் மகளும் சேர்ந்து குலுங்கினாள். அவள் முகம் மட்டும் கல்லாக இருந்தது.

அண்ணாச்சி குனிந்து அவள் கன்னம் இரண்டையும் ஒரு கையால் அழுத்தினார். வாய் கொஞ்சம் திறந்தது. ஐயா மோதிரத்தை உள்ளே விட்டார். அவள் தலையைத் திருப்பினாள். மோதிரம் பல்லில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. உதட்டோரம் ரத்தம் கோடாக வந்தது. அவள் அழவில்லை.

“கைய எடுங்க” என்றேன்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். “என்னலே?”

“பிள்ள மேலேருந்து கைய எடுங்க.”

“ஏலே, யாரு முன்னால நிக்கோம்னு தெரிஞ்சுதான் பேசுதியா?”

“தெரியும். பிள்ளைக்கு மூக்குல ரத்தம் வந்தப்ப சிரிச்சவரு முன்னால நிக்கேன்.”

ஐயா அண்ணாச்சியைப் பார்த்தார். “எந்தா இவன் பறயுந்நது?” என்றார், இவன் என்ன சொல்கிறான் என்று. அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.

நான் குனிந்து அவர் மடியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டேன். என் கால் தட்டில் பட்டு அரிசி சிதறியது. யாரோ ஐயோ என்றார்கள். குழந்தைக்கு ரத்தம் வந்தபோது யாரும் அப்படிச் சொல்லவில்லை. அரிசிக்குச் சொன்னார்கள்.

“அவ மூச்சு முட்டுதுன்னு சொன்னா” என்றேன். “உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து சொன்னா. படிச்சவங்கதானே எல்லாரும்? ஒருத்தருக்கும் காது இல்லையா? இப்ப பேச்சு வரலைன்னு நாக்குல எழுத வந்துட்டியளோ. அவ நாக்குக்கு ஒண்ணும் இல்ல.”

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

“வெளிய போனா திரும்பி உள்ள வரக் கூடாது” என்றார் அண்ணாச்சி. ஐயாவுக்கு முன்னால் அவமானம். எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் கோபம் குறையவில்லை.

“வரலை” என்றேன்.

அப்போது கதவு திறந்தது. கூடத்தில் ஆண்கள் இருக்கும்போது என் மனைவி அங்கே காலடி வைத்ததே கிடையாது. அன்று நடுவே நடந்து வந்தாள். தலையைக் குனியவில்லை. சிதறிய அரிசியை மிதிக்காமல் சுற்றி வந்தாள். மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தாள். வேறு எதையும் எடுக்கவில்லை. எனக்கு முன்னால் வாசலில் இறங்கினாள்.

எங்கே போவது என்று தெரியாமல் நடந்தோம். பழவங்காடி பிள்ளையார் கோயிலில் நல்ல கூட்டம். தேங்காய் உடைக்கிற சத்தம். எழுத்துக்கு இருத்துவதற்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் எதிர்த் திசையில் போனோம். சாலைக் கடைத்தெருப் பக்கம் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. துலாவர்ஷம், ஐப்பசி மழை, அவ்வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது போல. ஒரு மூடிய கடை வாசலில் ஒதுங்கினோம். கூரை குட்டை. சாரல் அடித்தது. என் மனைவி குடையை விரித்துப் பிடித்தாள். மூன்று பேரும் அதற்குள் நின்றோம்.

பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போய் அந்த விளக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உடைக்க வேண்டும் போல் இருந்தது. மகள் என் இடுப்பில் இருந்தாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு விரலை நீட்டி என் நெற்றியைத் தொட்டாள்.

“நெத்திப்புழு” என்றாள்.

மெதுவாகச் சொன்னாள். கரகரவென்று இருந்தது குரல். சொல்லிவிட்டு உடனே என் வாயைப் பார்த்தாள். அது சிரிக்கப் போகிறதா என்று பார்க்கிறாள். எனக்கு விளங்கியது. என் மனைவிக்கும் விளங்கியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஆமா” என்றேன். “புழுதான்.”

“கடிக்குமா?”

“ஒன்னயக் கடிக்காது.”

அவள் யோசித்தாள். “பெரியப்பாவ?”

“கடிச்சாலும் கடிக்கும்.”

சரி என்கிற மாதிரி தலையசைத்தாள். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மழை விடும்வரை நரம்பின்மேல் விரலை வைத்தே இருந்தாள்.

கடை முதலாளி சரக்கு வைக்கிற கிட்டங்கியை ஒட்டி ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார். பிறகு கரமனையில் இடம் பார்த்துப் போனோம். ஒரு வாரத்தில் மகள் நன்றாகவே பேச ஆரம்பித்தாள். ஆனால் எல்லாரும் பேசுகிற வார்த்தைகளாகப் பேசினாள். விக்கலை விக்கல் என்றாள். நிழலை நிழல் என்றாள். ஒருநாள் மழையில் நான் கடைக்குப் புறப்பட்டபோது, “குடை” என்று சொல்லி எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். தெருமுனை வரை விரிக்கவில்லை.

அண்ணாச்சி சில மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். எடைத் தட்டின் முன்னால் நின்றார். மெலிந்திருந்தார். அவருக்கு அந்த இடம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

“பிள்ள பேசுதாளாமே” என்றார்.

“பேசுதா.”

“என்ன சொன்னா முதல்ல?”

கல்கண்டுப் பொட்டலம் ஒன்று கையில் வைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். பதில் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அதுவும் கூடத்துக்கு வந்துவிடும். சாகும்வரை அவருக்கு அதைச் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இப்போது பஸ்ஸில், கல்யாண வீட்டில், யாராவது ஒரு குழந்தையை நடுவில் நிறுத்தி, “சொல்லு, மாமாவுக்குச் சொல்லு, இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்டால் எனக்கு நரம்பு புடைக்கிறது. எழுந்து போய்விடுவேன். சில சமயம் போகாமல் அந்தக் குழந்தையிடம் அது சொன்னதற்குப் பதில் சொல்லிவிட்டு வருவேன். சிரித்துக்கொண்டிருப்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மகளுக்கு இப்போது ஒரு பையன். காலையில் அவர்கள் வீட்டுக் கூரையிலும் வெளிச்சம் ஆடுகிறது. அதற்கு அவன் ஒரு பேர் வைத்திருக்கிறான், அவனுடைய அம்மா வைத்தது இல்லை, புதிது. அவன் சொன்னால் மகள் கூரையைப் பார்த்துவிட்டு, “ஆமா, வந்துட்டு” என்கிறாள். அந்தப் பேரை என்னிடம் சொல்லும்போது காதில்தான் சொன்னான், அதனால் இதில் எழுதுவதாக இல்லை.